கழன்று ஓடிய முன்சக்கரம்

அத்தியாயம் மூன்று

மாலை ஐந்து மணிக்குள் ஒரு கொலைகாரனைப் பிடித்துத் தர வேண்டும் என்று என்னிடம் சொல்லப்பட்டபோது மணி மூன்றேகால். கொலை என்று எதுவும் நடக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை. கொல்லப்பட்டிருக்க வேண்டியவர் என் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி என்னை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார்.

"துப்பறியிறவர்னு சொன்னாங்க. உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"உட்கார்ந்தா அப்படித்தான் தெரியும், ஐயா."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

என் பின்னால் யாரோ இருமினார்கள். யாரோ என்ன, என் உதவியாளர்தான். சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு. பதவியில் உதவியாளர், உறவில் என் அக்கா. இந்த இரண்டில் எது பெரியது என்ற வழக்கு எங்கள் அலுவலகத்தில் ஆறு வருடமாக நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா அவள் பக்கமே தீர்ப்பாகிறது. என்னிடம் வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். வாடிக்கையாளர் முன்னிலையில் என்னை 'சார்' என்று அழைக்க வேண்டும் என்று எழுத்து மூலமாக ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிற்க. வழக்கின் விவரத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இடம், மாடி வீடு ஒன்றின் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய கார் கொட்டகை. சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பு மையால் வரைந்து, அந்த உருவத்தின் மேலேயே கருவியை மாட்டி வைத்திருந்தார்கள். சுத்தியல் மேல் சுத்தியல், குறடு மேல் குறடு. நடுவில் பழைய நீல நிறக் கார். அதன் முன்பக்க இடது மூலை மட்டும் சக்கரம் இல்லாமல் இரண்டு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சக்கரம், செய்வதையெல்லாம் செய்துவிட்டு, ஒன்றும் அறியாதது போலச் சுவரோரம் சாய்ந்திருந்தது.

முக்காலியில் இருந்தவர் பரீட்சை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் போட்ட மதிப்பெண்களைக் கூட்டிச் சரிபார்த்தவர். அன்று காலை ஆறு மணிக்கு, ஊரின் மறுகோடியில் இருக்கும் பூங்காவுக்கு நடைப்பயிற்சிக்காகக் காரில் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் காரில் திரும்பியபோது, வீட்டுத் தெருமுனையில் முன்சக்கரம் கழன்று அவரை முந்திக்கொண்டு போய்விட்டது.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் நாலு சக்கரத்தையும் நானே கழட்டுவேன்," என்றார். "உள்ள இருக்கிற துருவைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, முன்னாடி உள்ளதைப் பின்னாடி, பின்னாடி உள்ளதை முன்னாடி மாத்தி மாட்டுவேன். டயர் ஒரே சீராத் தேயும். வெளி ஆளுகிட்ட குடுக்கிற பேச்சே கிடையாது. நேத்து ஞாயித்துக்கிழமை முழுக்க அந்த வேலைதான்."

"இந்த வயசுல சக்கரத்தைத் தூக்குவீங்களா?" என்றாள் அக்கா.

"எதுக்கும்மா தூக்கணும்? பலகையில ஏத்தி உருட்டித் தள்ளணும். மூளை இருக்கும்போது தோள்பட்டை எதுக்கு?"

ஒரு நோட்டை நீட்டினார். பன்னிரண்டு வரிசைகள். ஒன்று, ஹேண்ட் பிரேக் போடு. இரண்டு, எதிர்ப்பக்கச் சக்கரம் உருளாமல் செங்கல் முட்டுக் கொடு. மூன்று, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்து. நான்கு, அதற்கப்புறம்தான் ஜாக்கி. இப்படியே போய், பதினொன்று: காரை இறக்கிய பின் குறுக்கு வரிசையில் முழு பலத்தோடு இறுக்கு. 'முழு பலத்தோடு' என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு. பன்னிரண்டு, கருவியைத் துடைத்து மாட்டு. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து நாற்பத்தெட்டுச் சரிக்குறிகள். எனக்கு அந்த மனிதர் மேல் அங்கேயே பாசம் வந்துவிட்டது.

"இப்ப என் கணக்கைக் கேளுங்க," என்றார். "மத்த மூணு சக்கரமும் கல்லு மாதிரி இருக்கு. நாலையும் இறுக்கினது ஒரே கை. மூணு நின்னு ஒண்ணு கழண்டுச்சுன்னா, நடுவுல இன்னொரு கை புகுந்திருக்கு. சரியா, தப்பா?"

"சரி," என்றேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு இவ்வளவு சுலபமாகப் புரிந்ததே இல்லை.

"அந்தக் கை மாடியில இருக்கு. என் மாப்பிள்ளை. நேத்து சாயங்காலம் ஆறரை மணிக்கு இந்தக் கொட்டகைக்குள்ள நின்னான். கையில வீல் ஸ்பேனர். 'யார்றா அது'ன்னு சத்தம் போட்டேன். ஸ்பேனரை மாட்டிட்டு, வாயே திறக்காம மாடி ஏறிட்டான். மூணு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், என்கிட்ட மூணு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினது இல்ல. காரைத் தொட விட மாட்டேங்கிறேன்னு மனசுக்குள்ள வச்சிருந்திருக்கான்."

சட்டைப் பையிலிருந்து புகார்க் கடிதத்தை எடுத்துக் காட்டினார். தட்டச்சில் இரண்டு பக்கம், கீழே 'துப்பறிவாளரின் முடிவு' என்று எழுதி நான்கு அங்குலம் காலியிடம். "அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டரைப் பார்க்க நேரம் கேட்டு வாங்கியிருக்கேன். அவன் ஸ்டேஷனுக்குப் போவான். என் பொண்ணு என்னோட இருப்பா."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "நாலு அங்குலம் விட்டிருக்காரு. உன் கையெழுத்துக்கு அது பத்தாதே."

"வாடிக்கையாளர் வீட்டு வாசல். சார்னு சொல்லு."

"பத்தாதே சார்."

முனையில் பஞ்சர் கடை. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என் அடையாள அட்டையை நீட்டினேன். கை ஈரம் என்று வாங்க மறுத்துவிட்டார்.

"நான் கண்ணால பார்த்தேன் சார். கார் பின்னாடி வருது, சக்கரம் முன்னாடி வருது. கை காட்டல, ஹாரன் அடிக்கல, நேரா சலூனுக்குள்ள போயிடுச்சு. அங்க நாற்காலி காலியா இருந்துச்சு, அதுல மோதி நின்னுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடின்னா அந்த இடத்துல ஸ்கூல் பிள்ளைங்க வேனுக்கு நின்னிருப்பாங்க."

அக்கா முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. பதினோரு வருடம் அப்படி நின்ற பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள்.

"சக்கரத்தை அப்பவே மாட்டியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"மாட்டத்தான் பார்த்தேன். நாலு நட்டுல ஒண்ணுதான் கிடைச்சுது. சரி, மத்த மூணு சக்கரத்துலேர்ந்து ஆளுக்கு ஒண்ணு கடன் வாங்கிக்கலாம், வீடு போய்ச் சேர அது போதும்னு பார்த்தா, ஒண்ணாவது அசையணுமே! ஸ்பேனர் மேல ஏறி நின்னேன். நான் தொண்ணூறு கிலோ சார். ஸ்பேனர்தான் வளைஞ்சுது. கடைசியில டிராலி வச்சுத் தள்ளிட்டுப் போய் விட்டோம். இறுக்கினது யாரு, மனுஷனா, கிரேனா?"

"ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்," என்றேன், ஏதோ நானே இறுக்கியது போன்ற பெருமையுடன்.

"முப்பது வருஷம் பேனா பிடிச்ச கையில அவ்வளவு பலமா?" என்றாள் அக்கா.

அதை நான் காதில் வாங்கவில்லை. என் நோட்டில் 'மூன்று சக்கரங்கள் மிகமிக இறுக்கம். வாடிக்கையாளர் கூற்று முற்றிலும் உண்மை' என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன். அந்தப் பக்கத்தை இன்று புரட்டினாலும் காது மடல் சூடாகிறது.

மாடியில் மகள் கதவைத் திறந்தாள். கட்டிலின் மேல் பெட்டி ஒன்று வாய் பிளந்து கிடந்தது; புடவைகளுக்கு நடுவே ஆண்களின் சட்டைகளும் இருந்தன. மாப்பிள்ளை ஜன்னலோரம் நின்றிருந்தார். நல்ல உயரம். தூண் மாதிரிக் கைகள். சட்டைப் பையில் தடித்த வெள்ளைப் பேனா ஒன்று இருந்தது. எழுத்து வேலையும் உண்டு போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக், சார்."

"நட்டு, போல்ட்டோட நல்ல பழக்கம்?"

"அதுதான் சார் பொழப்பு."

"நேத்து சாயங்காலம் கொட்டகைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"கையில ஸ்பேனர்?"

"இருந்துச்சு."

"கார் நட்டைத் தொட்டீங்களா?"

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தொட்டேன்."

"தொட்டீங்களா?" மகள் கையிலிருந்த துண்டு நழுவியது. "என்கிட்ட இல்லன்னு சொன்னீங்க!"

"இல்லன்னு சொல்லலம்மா. ஒண்ணுமே சொல்லல."

"எதுக்குத் தொட்டீங்க?" என்றேன், குரலைத் தாழ்த்தி. குரலைத் தாழ்த்தினால் குற்றவாளிகள் உடைந்துபோவார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

அவர் உடையவில்லை. நிதானமாகச் சொன்னார்: "அந்தச் சக்கரம் கழண்டதுக்கு நான்தான் காரணம். அப்படியே எழுதிக்குங்க சார். வேற எதுவும் கேட்காதீங்க. மாமாகிட்டயும் எதுவும் கேட்காதீங்க."

மகள் துண்டை எடுத்து உதறினாள். "எழுதிக்குங்க சார். கூடவே இதையும் எழுதிக்குங்க. எங்கப்பா இவரை எங்க அனுப்புறாரோ அங்க நானும் போறேன். அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவோம். அதுக்கப்புறம் அவர் கார், அவர் நோட்டு, அவர். நிம்மதியா இருக்கட்டும்."

படி இறங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நான்கு பத்து. என் வாழ்நாளில் இவ்வளவு சீக்கிரம் ஒரு வழக்கை முடித்ததில்லை. முடிக்காத வழக்குகளைக் கழித்துவிட்டால், மிச்சம் அதிகம் இல்லை.

"ஒப்புதல் வாக்குமூலம்!" என்றேன்.

"உனக்கு அந்த ஆளைப் பார்த்தா கொலைகாரன் மாதிரியா இருக்கு?"

"கொலைகாரன் எப்படி இருப்பான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா பொய் சொல்றவனைத் தெரியும். வீட்டுப்பாடம் ஏன் எழுதலன்னு வேன்ல கேட்டா, பொய் சொல்ற பிள்ளை வீடு வரைக்கும் கதை சொல்லும். எழுதலன்னு ஒரே வார்த்தையில நிறுத்துற பிள்ளை யாரையோ காப்பாத்துது. ஒண்ணு அம்மாவை, இல்லன்னா தம்பியை."

"இது வீட்டுப்பாடம் இல்ல."

"சரி, நீ எழுது. அந்தப் பொண்ணு பெட்டி கட்டிட்டா. எழுதுறதுக்கு முன்னாடி ஒருதரம் யோசிச்சுக்க. யோசிக்கிற பழக்கம் இருந்தா."

எனக்கு வீம்பு வந்துவிட்டது. எழுதத்தான் போகிறேன், ஆனால் ஆதாரத்தோடு எழுதுவேன். ஒரு மனிதன் நான்கு நட்டுகளைத் தளர்த்த எத்தனை நிமிடம் ஆகும்? அதை நானே செய்து, நேரம் குறித்து, அறிக்கையில் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். கொட்டகையில் யாரும் இல்லை. பெரியவர் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். முன்பக்க வலது சக்கரத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் மூடியை நெம்பி எடுத்து, ஜாக்கியை வைத்து, கைப்பிடியைச் சுற்றினேன். கார் அழகாக மேலே வந்தது. ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருப்பினேன்.

திரும்பியது. வெற்றி என்று நினைத்தேன். நட்டோடு சேர்ந்து சக்கரமும் திரும்பியது. இன்னும் வேகமாகத் திருப்பினேன். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. நான் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்ததை அக்கா கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுக் கேட்டாள்:

"அந்த நோட்டுல மூணாவது என்ன, நாலாவது என்ன?"

மூன்று, தரையில் இருக்கும்போதே தளர்த்து. நான்கு, அதற்கப்புறம்தான் ஜாக்கி.

"பின்சக்கரத்துக்குச் செங்கல் வச்சியா?"

அது இரண்டாவது. அதையும் வைக்கவில்லை. அக்கா பேசாமல் இரண்டு செங்கலை எடுத்து முட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். காரை மறுபடி தரையில் இறக்கினேன். இப்போது நட்டுகளைக் கிட்டத்தில் பார்த்தேன். நான்கு நட்டின் மேலும் மெல்லிய வெள்ளைத் தீற்றல் ஒன்று, நட்டில் தொடங்கிச் சக்கரத்தின் இரும்பு வரை போயிருந்தது. எதையும் விடக்கூடாது என்பது என் கொள்கை. நோட்டில் 'பறவை எச்சம்?' என்று எழுதினேன்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இதுக்கு மேல ஒரு மூடி இருந்துச்சுல்ல, இப்ப நீ நெம்பி எடுத்தியே?"

"ஆமா."

"அப்ப அந்தப் பறவை ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வந்து, மூடியைக் கழட்டி, வேலையை முடிச்சுட்டு, திரும்ப மூடிட்டுப் போயிருக்கு. நாலு நட்டுலயும் ஒரே அளவுல. ரொம்ப ஒழுக்கமான பறவை."

சொல்லிக்கொண்டே குனிந்தவள், விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு பின்சக்கரங்கள் இரண்டின் மூடியையும் கழற்றினாள். அங்கேயும் கோடு. சுவரோரம் சாய்ந்திருந்த சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் கோடு இல்லை, பாதிக் கோடுகூட இல்லை. பேச்சே இல்லாமல் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

நான் என் சோதனையைத் தொடர்ந்தேன். ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன். அசைந்தது நான்தான். பழைய எண்ணெய் பிடித்து வைத்திருந்த தட்டில் உட்கார்ந்த நிலையில் நான் இருந்தபோது, சத்தம் கேட்டுப் பெரியவர் உள்ளே வந்தார். சலவைச் சட்டை, வாரிய தலை. இன்ஸ்பெக்டரைப் பார்க்கத் தயாராகியிருந்தார்.

"என்ன இது?"

"சோதனை, ஐயா. எத்தனை நிமிஷத்துல ஒருத்தன் நட்டைத் தளர்த்த முடியும்னு."

"எண்ணெய்த் தட்டுல உட்கார்ந்தா முடியாது. எழுந்திரிங்க. ஸ்பேனரைப் பிடிக்கவே தெரியல, துப்பறிய வந்துட்டீங்க." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினார். "தள்ளுங்க. நான் இறுக்கினது, நானே கழட்டுறேன். மணியைப் பாருங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு முப்பத்தொன்று.

அவர் ஸ்பேனரைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. கால் மாற்றிக் குந்தி மறுபடி இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு சீறியது. வலது தோளிலிருந்து விரல் வரை கை நடுங்கியது. என் கடிகாரத்தில் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. போதும் என்று சொல்லலாமா என்று நான் யோசித்த நேரத்தில், ஸ்பேனர் அவர் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அது பெரிய சத்தம்.

அவர் எழுந்திருக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெதுவாக, மிக மெதுவாக, எனக்குக்கூட அது உறைத்தது. இந்த நட்டைக் கழற்ற முடியாத கை, இதை இறுக்கியிருக்க முடியாது. கழன்ற சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த நான், கழலாத மூன்றை ஒரு தடவையாவது கேள்வி கேட்டேனா? நாலையும் இறுக்கியது ஒரே கை என்ற கணக்கில், அந்த ஒரே கையின் பலம் தெரிவது கழன்று போன நாலாவதில்தான். மற்ற மூன்றிலும் இன்னொரு கை இருந்திருக்கிறது.

"அந்த வெள்ளைக் கோடு," என்றாள் அக்கா, தணிந்த குரலில், "எங்க வேன் மெக்கானிக்கும் போடுவாரு, லிஃப்ட்காரங்களும் போடுவாங்க. இறுக்கி முடிச்ச நட்டு மேல பெயின்ட் பேனாவால ஒரு கோடு. நட்டு துளி அசைஞ்சாலும் கோடு உடைஞ்சு காட்டிக்குடுத்துடும்."

மாடிப்படியில் தடதடவென்று கால் சத்தம். மாப்பிள்ளை வெறுங்காலோடு ஓடி வந்தார், பின்னாலேயே மகள். வந்தவர் எங்களைக் கேட்கவில்லை, ஸ்பேனரைப் பார்க்கவில்லை. நேராகப் பெரியவர் பக்கத்தில் குந்தி, வலது தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கினார். எந்தத் தோள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாமா, கையைத் தூக்காதீங்க. அப்படியே வச்சுக்குங்க."

பெரியவர் திரும்பவில்லை. "இந்த மூணையும் இறுக்கினது யாரு?"

மாப்பிள்ளை இன்னொரு கையால் ஸ்பேனரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உங்களைத்தான் கேட்கிறேன்."

"நான்தான் மாமா. நாலாவதுக்கு வரும்போது நீங்க சத்தம் போட்டீங்க. காலையில எழுந்து முடிச்சுக்கலாம்னு இருந்துட்டேன். நீங்க ஆறு மணிக்கே கிளம்பிட்டீங்க. நான் எழுந்திரிச்சப்ப கார் இல்ல. அந்த முனையில பிள்ளைங்க நின்னிருந்தா... தப்பு என்னோடதுதான். பாதியில விட்டிருக்கக் கூடாது."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா நீ அப்பாகிட்ட சொல்லிடுவ."

வழக்கு முடிந்தது என்று நான் நோட்டை மூடினேன். அக்கா என் கையைத் தட்டினாள்.

"முடியல. நேத்து இவர் நாலு சக்கரத்தையும் கழட்டித்தானே மாத்தினாரு? ஆறு மாசமா இப்படி இறுகிக் கிடந்த நட்டை எப்படிக் கழட்டினாரு?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் நான் அக்காவாக இருந்திருப்பேன்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்த வெள்ளைப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

"சனிக்கிழமை," என்றார். "காலண்டர்ல மாமா தேதி போட்டு வச்சிருப்பாரு. முந்தின நாளே கோட்டை அழிச்சுட்டு, எல்லாத்தையும் கொஞ்சம் தளர்த்தி வைப்பேன். மாமா கைக்கு வர்ற அளவுக்கு. அவர் வேலை முடிச்சு உள்ள போனதும் திரும்ப இறுக்கிடுவேன்."

"எத்தனை தடவை?" பெரியவர் கேட்டார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து மாமா. இது ஆறாவது."

பெரியவர் தன் கைகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை அவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்திருப்பார். கூட்டிச் சரிபார்த்தே பழகியவர்.

"நோட்டுல எழுதினது பொய் இல்ல," என்றார் கடைசியில். அதை எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை. "முழு பலத்தோடதான் இறுக்கினேன்."

"தெரியும் ஐயா," என்றாள் அக்கா.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னன்னு மாமா சொல்றது?"

முழு உண்மையையும் சொன்னால் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு, மனிதர் கொலைப் பழியோடு கிளம்பத் தயாராக மாடியில் நின்றிருந்தார். நானோ அவர் வாயை நோண்டி நோண்டி, வெள்ளைப் பேனாவை எழுத்து வேலைப் பேனா என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

மகள்தான் முதலில் அசைந்தாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் முந்தானையால் கரியைத் துடைத்தாள். "எழுந்திரிங்கப்பா. இன்னும் ஒரு சக்கரம் பாக்கி இருக்கு."

மாப்பிள்ளை கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மூன்று புது நட்டு. "மத்தியானமே வாங்கிட்டு வந்துட்டேன். மாட்டுறதுக்குக் கீழ வர முடியல."

பெரியவர் ஒரு நட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துளைக்குள் சுற்றிப் போகும் மரையைப் பார்த்தார். "கூம்பு பக்கம் உள்ள வரணும்."

"சரி மாமா."

"மரையில எண்ணெய் தடவக் கூடாது. தடவினா வழுக்கிட்டுக் கழலும்."

"சரி மாமா."

"முதல்ல நாலையும் கையால. அப்புறம் இறக்கிட்டு, குறுக்கு வரிசை. பக்கத்து நட்டுக்குப் போகக் கூடாது. எதிர் நட்டு."

"சரி மாமா."

தினம் லிஃப்டைத் தொங்கவிடும் ஆளுக்கு நட்டு இறுக்கப் பாடம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு தடவைகூட 'தெரியும்' என்று சொல்லவில்லை. அக்கா பலகையைக் கொண்டுவந்து போட்டாள், மகள் சக்கரத்தை அதன் மேல் உருட்டினாள், நான் டார்ச் அடித்தேன். தவறான இடத்தில் அடித்தேன் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். கடைசி நட்டில் மாப்பிள்ளை ஸ்பேனரை இழுத்து நிறுத்தியபோது, அது 'கிறீச்' என்று ஒரு குரல் கொடுத்து நின்றது. நான்கு கோடுகள் போட்டார்.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒருதரம் இறுக்கிப் பார்க்கணும்," என்றார் பெரியவர்.

"பார்த்துடுறேன் மாமா."

"ரெண்டு பேருமா பார்ப்போம்."

என் கடிகாரத்தில் ஐந்துக்கு ஆறு நிமிடம். மகள் பெட்டியைப் பற்றி எதுவும் சொல்லாமல், முகம் கழுவப் போனாள். நான் எண்ணெய் படிந்த பின்புறத்தைச் சுவர்ப் பக்கம் மறைத்துக்கொண்டு, என்ன சொல்லிக் கிளம்புவது என்று யோசித்தேன். பெரியவர் புகாரை எடுத்து, அந்த நான்கு அங்குலக் காலியிடத்தை என் பக்கம் திருப்பி, தன் பேனாவையும் நீட்டினார்.

"எழுதுங்க. வேலைக்குக் கூப்பிட்டுட்டு வெறுங்கையா அனுப்ப மாட்டேன்."

"ஐயா, இதுல இனிமே எழுத என்ன இருக்கு? இன்ஸ்பெக்டருக்குப் போன்ல வரலன்னு சொல்லிட்டா—"

"அவருக்கு நான் சொல்லிக்கிறேன். இது எனக்கு வேணும். குற்றவாளின்னு என் பேரைப் போடுங்க."

அக்காவைப் பார்த்தேன். போடு என்று கண்ணால் சொன்னாள். போட்டேன். அவர் வாங்கி, மேலிருந்து கீழே ஒருதரம் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு கொட்டகையின் மறுகோடியில் ஸ்பேனரைத் துடைத்து, அதன் உருவத்தின் மேல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டிருந்த ஆளை ஒரு கணம் பார்த்துவிட்டு, என் பக்கம் குனிந்து, மெல்லச் சொன்னார்:

"மாப்பிள்ளையைச் சாட்சியா மட்டும் போட்டுடாதீங்க தம்பி. எனக்கு எதிரா அவரு வாயைத் திறக்க மாட்டாரு."